சக்கரங்களின் மேல் ஒரு கட்டில்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் வண்டி வரிசை ஒன்று வருகிறது. உப்பு ஏற்றிச் செல்லும் வண்டிகள்தாம். ஆனால் வெறும் சரக்கு வண்டிகள் அல்ல. குடும்பமே அவற்றோடு பயணம் செய்கிறது. வண்டியின் வாயிலில் கோழிக்கூடு இருக்கிறது. பிடியானையின் முழங்கால் போன்ற சிறிய உரல் ஒன்று ஆடும்படி தொங்கவிடப்பட்டிருக்கிறது. காடி வைத்த கலம் வண்டியின் முன்புறத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் இன்னொரு செய்தியையும் சேர்க்கிறார்: உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். வாயில், கூரை, மூக்கு, அடிப்பகுதி என்று ஒரு வண்டியில் எத்தனை மூலைகள் உண்டோ அத்தனையும் பயன்பட்டிருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் இப்பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, உரல் எங்கே இருந்தது, பானை எங்கே இருந்தது என்றெல்லாம் புலவர் சொல்கிறாரே, அவர்கள் எங்கே படுத்தார்கள்?" என்று கேட்டார். உப்பு மூட்டைகளின் மேலா, வண்டிக்கு அடியிலா, அல்லது வழியில் ஏதேனும் ஒரு மரத்தடியிலா? என்னிடம் விடை இல்லை. பாட்டிலும் இல்லை.

அந்த வாரத்திலேயே ஜெர்மனியில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் நீண்ட மடல் எழுதியிருந்தார். 1970களில் செய்யப்பட்ட ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் ஒன்றை அவரும் அவர் மனைவியும் வாங்கியிருக்கிறார்கள். அதில்தான் விடுமுறைக்குப் போகிறார்கள். மடலின் பெரும்பகுதி இரவு எப்படிப் படுப்பது, எதை எங்கே வைப்பது என்பதைப் பற்றியதே. "ஐயா, போர்வைகள் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் இருக்கின்றன. இருக்கையை விரித்துக் கட்டிலாக்கிவிட்டால் பெட்டி திறக்காது. முதல் இரவில் இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று" என்று எழுதியிருந்தார்.

என் மாணவியின் கேள்வியும் இந்த மடலும் ஒன்றையொன்று தேடி வந்தவைபோல் தோன்றின. சக்கரங்களின் மேல் வாழ்ந்தவர்கள் எங்கே படுத்தார்கள், தங்கள் உடைமைகளை எங்கே வைத்தார்கள் என்று கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் வரலாற்றில் தேடிப் பார்த்தேன். கிடைத்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

*

முதலில் சிக்கல் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். படுத்த நிலையில் ஒரு மனிதனுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு பேருக்கு அகலம் குறைந்தது 1.2 மீட்டர். இந்த இடம் நாளில் எட்டு மணி நேரம் மட்டுமே தேவை. எஞ்சிய பதினாறு மணி நேரமும் அது வீணாகக் கிடக்கும். வீட்டில் இதை நாம் பொருட்படுத்துவதில்லை. தனியாக ஓர் அறையையே படுக்கைக்கு ஒதுக்கிவிட்டுப் பகல் முழுதும் பூட்டி வைக்கிறோம். வண்டியில் அது முடியாது. அங்கே பகலும் இரவும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே இதை ஏற்றுக்கொண்டுள்ளது. வாகனங்களுக்கான 2007ஆம் ஆண்டு ஆணையும், அதன் இடத்துக்கு வந்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் கேம்பர் வேனுக்கு இலக்கணம் வகுக்கின்றன. இருக்கைகளும் மேசையும், படுக்கை வசதி, சமையல் வசதி, பொருள்களை வைக்கும் வசதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். படுக்கையைப் பற்றிச் சொல்லும்போது, அது இருக்கைகளிலிருந்து மாற்றி அமைக்கப்படுவதாகவும் இருக்கலாம் என்கிறது விதி. சட்ட நூலின் வறண்ட அந்தத் தொடருக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றை இடத்தை மிச்சப்படுத்தும் உத்திகளின் வரலாறாகத்தான் வழக்கமாக எழுதுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று புலப்பட்டது. இடம் சும்மா மிச்சமாவதில்லை. சுவரும் கூரையும் தராத இடத்தை ஒருவருடைய கைகள் நாள்தோறும் மாலையில் உண்டாக்கிக் காலையில் கலைக்கின்றன. ஆகவே இந்த வரலாற்றைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: யாருடைய கைகள்?

*

சக்கர வீட்டின் முதல் வல்லுநர்கள் என்று பிரிட்டனின் ரோமானி மக்களைச் சொல்லலாம். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்ட மக்கள். அவர்களுடைய மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் கூடாரங்களில் தங்கிப் பயணம் செய்த அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குதிரை இழுக்கும் மரவீடுகளுக்கு மாறினார்கள். அவற்றை 'வார்டோ' என்பார்கள்.

வார்டோவின் உள்ளமைப்பு வியக்கத்தக்க ஒழுங்குடையது. வாயில் முன்புறம். நுழைந்ததும் இடப்பக்கம் அடுப்பு. இது தற்செயலானதன்று. பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்பவை. சாலையோர மரங்கள் வண்டியின் இடப்பக்கத்தில் வரும். முன்வாயிலில் ஏறிப் பின்னோக்கி நிற்பவருக்கு இடப்பக்கமாக இருப்பது வண்டியின் வலப்பக்கம். அங்கே அடுப்பை வைத்தால் புகைபோக்கி கிளைகளில் மோதாது. பக்கவாட்டு இருக்கைகளே பெட்டிகளாகவும் பயன்பட்டன. படுக்கை வண்டியின் பின்கோடியில் குறுக்குவாட்டில் அமைந்தது. அதன் கீழே இரட்டைக் கதவுகள் கொண்ட அலமாரி போன்ற ஓர் அறை. பகலில் அதில் படுக்கைத் துணிகள் இருக்கும்; இரவில் அதில் குழந்தைகள் படுப்பார்கள். பாத்திரங்களுக்கு வண்டியின் பின்புறத்தில், வெளியே, தனிப் பெட்டி உண்டு.

படுக்கை குறுக்குவாட்டில் என்பதைக் கவனிக்க வேண்டும். நீளவாட்டில் படுத்தால் வண்டியின் நீளத்தில் இரண்டு மீட்டர் போய்விடும். குறுக்கே படுத்தால் 1.2 மீட்டர்தான் போகும். ஆனால் அதற்கு வண்டி ஒரு மனிதனின் உயரத்துக்கு அகலமாக இருக்க வேண்டும். சக்கரங்களோ இருபுறமும் இடத்தைத் தின்கின்றன. 'லெட்ஜ்' எனப்படும் வகை வண்டியில் சக்கரங்களுக்கு மேலே உடலைத் திண்ணைபோல் வெளியே நீட்டினார்கள். 'ரீடிங்' வகையில் சுவர்களையே மேல்நோக்கி வெளிப்புறமாகச் சாய்த்தார்கள். படுத்த மனிதனின் நீளம் வண்டியின் சுவர்களைத் தள்ளி விரித்துவிட்டது என்று சொல்லலாம்.

வார்டோவின் முக்கியமான பண்பு, பெரியவர்களின் படுக்கை நிலையானது என்பது. பகலில் அதை மடக்குவதில்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி வண்டிக்கு வெளியே, நெருப்பைச் சுற்றி நடந்ததால் உள்ளே கூடம் தேவைப்படவில்லை. வண்டி படுக்கவும் பொருள்களைக் காக்கவுமே பயன்பட்டது. இடம் குறைந்தால் வாழ்க்கையின் ஒரு பகுதியை வெளியே வைத்துக்கொள்வது என்பது எளிய தீர்வு. வெளியே இருக்க இடம் விடுவார்களா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

பகலில் இருக்கை, இரவில் கட்டில் என்னும் மாயத்தைப் பெரிய அளவில் நிகழ்த்தியது ரயில். அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் 1865இல் 'பயனியர்' என்னும் படுக்கைப் பெட்டியை ஓடவிட்டார். 1867இல் நிறுவனம் தொடங்கினார். எதிரெதிரான இரண்டு இருக்கைகளின் மெத்தைகளை நடுவே இழுத்துச் சேர்த்தால் கீழ்ப்படுக்கை. மேல்படுக்கை கீல்களில் தொங்கியது. பகலில் அதைக் கூரையோடு சேர்த்து மூடிவிடலாம். மூடிய அந்தக் குழிவுக்குள்ளேயே மெத்தைகளும் போர்வைகளும் அடங்கிவிடும். படுக்கையே படுக்கைக்கான அலமாரியும் ஆயிற்று. இன்றைய கேம்பர் வேனில் உள்ள உத்திகளில் பாதி அந்தப் பெட்டியில் ஏற்கெனவே இருந்தன.

ஆனால் அந்த மாயத்தைச் செய்தவர்கள் யார்? புல்மன் பணியாளர்களாகக் கறுப்பின ஆண்களையே தேர்ந்தெடுத்தார். அடிமைமுறையிலிருந்து அண்மையில் விடுதலை பெற்றவர்கள் பலர் அவர்களில் இருந்தனர். இரவில் படுக்கைகளை விரித்து, காலையில் மடித்து, இடையில் பயணிகளின் காலணிகளுக்கு மெருகேற்றி, அழைப்பு மணிக்கு எழுந்து ஓடியவர்கள் அவர்கள். பயணிகள் அவர்களுடைய பெயரைக் கேட்கவில்லை. முதலாளியின் பெயரைக் கொண்டு எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள், அடிமையை எசமானன் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாக. மாதத்துக்கு 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் வேலை. நூறு பேர் உறங்க வழிசெய்தவனுக்கு உறக்கம் இல்லை.

1925இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமை தாங்கினார். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வேலைநேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமை வரலாற்றில் இந்தச் சங்கத்துக்குத் தனி இடம் உண்டு. ராண்டால்ஃப் 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் பேரணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். மடக்குக் கட்டிலின் வரலாறு எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் நம்மை அழைத்துச் செல்கிறது.

*

இன்பத்துக்காகச் சக்கர வீட்டில் பயணம் செய்த முன்னோடியாகக் கருதப்படுபவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகளால் பெயர் பெற்றவர். பிரிஸ்டலில் இருந்த வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்னும் வண்டியைக் கட்டுவித்தார். சுமார் இரண்டு டன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். 1885இல் தெற்கு இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்றார். அந்த 1,300 மைல் பயணத்தை மறு ஆண்டே நூலாக்கினார். தம் வண்டியை அவர் 'நிலத்தில் ஓடும் படகு' என்றே கருதினார். கடற்படைக்காரரல்லவா! கப்பலின் சிற்றறையில் வாழ்ந்து பழகியவருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், ஓரிடத்தில் ஒரு பொருள் என்பது இயல்பான ஒழுக்கம். பகலில் சோபாவாக இருந்ததே இரவில் அவருக்குக் கட்டில்.

அவரோடு ஒரு வண்டியோட்டியும் ஓர் ஏவலரும் சென்றார்கள். ஏவலர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய், பெரிய வண்டி வருகிறது என்று குறுகிய சாலைகளில் எச்சரிப்பார். தாமாகவே நாடோடியாகிவிட்ட ஒரு கனவானின் நாடோடித்தனத்துக்கு இரண்டு ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். வண்டியின் வடிவம் ரோமானி மக்களிடமிருந்தும் ஊர் ஊராகச் சென்ற காட்சிக்காரர்களிடமிருந்தும் வந்தது. உழைப்பின் ஏற்பாடு மாளிகையிலிருந்து வந்தது.

*

ஊழியர் இல்லாத குடும்பத்துக்கான வண்டி இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் வந்தது. 1947 ஏப்ரல் 23 அன்று நெதர்லாந்தின் வாகன இறக்குமதியாளர் பென் பொன் தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வடிவத்தை வரைந்தார். முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் சரக்கு. 1950இல் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையிலிருந்து அது வண்டியாக வெளிவந்தது. நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர்தான். இன்றைய நடுத்தரக் கார் ஒன்றின் நீளம். ஆனால் ஓட்டுநரை முன் அச்சுக்கு மேலேயே உட்காரவைத்து, மூக்கே இல்லாமல் செய்துவிட்டதால், அந்தச் சிறிய நீளத்தின் பெரும்பகுதி உள்ளறையாகக் கிடைத்தது.

ரேடா-வீடன்ப்ரூக் நகரில் 1844 முதல் வண்டி செய்து வந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், 1951இல் இந்த வேனுக்கென 'கேம்பிங் பாக்ஸ்' என்னும் மரச்சாமான் தொகுதியை உருவாக்கியது. அதன் சிறப்பு, தேவையானபோது வைத்துக்கொள்ளலாம், தேவையில்லாதபோது கழற்றிவிடலாம் என்பது. ரொட்டிக் கடைக்காரரோ தச்சரோ வார நாள்களில் வண்டியில் சரக்கு ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பொருத்திக் குடும்பத்தோடு புறப்படலாம். போரில் நொறுங்கிய நாடு. இரண்டு வண்டி வாங்க வசதியில்லாத மக்கள். பகலும் இரவும் ஓரிடத்தைப் பங்கிட்டுக்கொண்டது போல இங்கே வேலையும் விடுமுறையும் ஒரே வண்டியைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த வறுமையின் நுட்பம் பிறகு வந்த செல்வச் செழிப்பான வண்டிகள் எதிலும் இல்லை.

இந்த வேனின் உட்புறம் மனிதன் குறுக்கே படுக்கும் அளவுக்கு அகலமானதன்று. ஆகவே நீளவாட்டில்தான் படுக்க வேண்டும். இருக்கையை விரித்தாலும் இரண்டு மீட்டர் வராது. பின்னால் எஞ்சின் இருப்பதால் அதன் மேல் தளம் உயர்ந்திருக்கும். குறை என்று சொல்லத்தக்க அந்த மேடையையே வடிவமைப்பாளர்கள் வரமாக்கிக்கொண்டார்கள். இருக்கையின் உயரத்தை மேடையின் உயரத்துக்குச் சமமாக வைத்தால், விரித்த இருக்கையும் எஞ்சின் மேடையும் சேர்ந்து முழுநீளக் கட்டில். குழந்தைக்கோ முன் இருக்கைகளுக்கு மேலே இரண்டு குழாய்களில் கோத்த துணித் தொட்டில். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெறுமனே கிடந்த காற்றும் படுக்கையாயிற்று.

கேம்பர் வேனின் மேல்நோக்கிய வளர்ச்சி பிரிட்டனில் தெளிவாகத் தெரிந்தது. ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் பெட்ஃபோர்டு வேன்களை 'டார்மொபைல்' என்ற பெயரில் வீட்டு வண்டிகளாக மாற்றியது. 1950களின் பிற்பாதியில் அவர்கள் கொண்டுவந்த கூரை ஒரு பக்கக் கீலில் மேலே எழுந்தது. நடுவே கோடு போட்ட துணிச்சுவர். எழுப்பினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கூரைக்குள் இருபுறமும் சுருட்டி வைத்த துணிப்படுக்கைகளை விரித்தால் மேலும் இருவர் படுக்கலாம். ஓடும்போது தாழ்ந்த வண்டி, நிற்கும்போது உயர்ந்த வீடு. விலையாகக் குளிரையும் ஈரத்தையும் ஏற்க வேண்டியிருந்தது. உறங்குபவர்களின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த தகரத்திலும் மெத்தையின் அடியிலும் நீராகப் படியும். பகலில் மெத்தையைத் தூக்கிக் காற்றாட வைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். இடத்தை மிச்சப்படுத்தும் ஒவ்வோர் உத்திக்குப் பின்னாலும் இப்படி ஒரு காலைவேலை ஒளிந்திருக்கிறது.

என் மாணவரின் மடலுக்கு வருகிறேன். மாலையில் அவர்கள் செய்வதை அவர் வரிசைப்படுத்தியிருந்தார். மேசையிலிருந்தவற்றை எடுத்துவிட்டு மேசையைக் கழற்ற வேண்டும். பைகளை முன் இருக்கைக்கு மாற்ற வேண்டும். திரைகளை இழுத்து மூட வேண்டும். இருக்கையை விரிக்கும் முன் அடிப்பெட்டியிலிருந்து போர்வைகளை எடுத்துவிட வேண்டும். எடுத்த போர்வையை எங்கே வைப்பது? ஒருவர் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஐந்து வயது மகள் எட்டு மணிக்கு உறங்கிவிட்டால் வீட்டின் கூடம் மறைந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் முன் இருக்கைகளில் இருட்டில் அமர்ந்து கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். "எங்கள் திருமணத்துக்குப் பின் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை" என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில் இன்னொன்று: "காலையில் எல்லாவற்றையும் மடித்து வைப்பது பெரும்பாலும் அவள்தான். நான் ஓட்டுவதற்கு வழி பார்த்துக்கொண்டிருப்பேன்."

அந்தக் கால விளம்பரப் படங்களைப் பாருங்கள். விரித்த கட்டில், வரிசையான திரைகள், அடுப்பருகே புன்னகையோடு ஒரு பெண். மாயம் தானாக நடந்ததுபோல இருக்கும். புல்மன் பணியாளரின் வேலை நீங்கிவிடவில்லை. அது குடும்பத்துக்குள் வந்து, சம்பளமும் சங்கமும் இல்லாத ஒருவரின் கைகளில் சேர்ந்துவிட்டது.

*

பொருள்களை வைக்கும் இடத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் தந்த பாடம் நம்மைப் போன்ற வாசகர்களுக்கு மிகவும் பொருந்தும். ஜான் ஸ்டீன்பெக் 1960இல் சார்லி என்னும் நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். சிறிய லாரியின் மேல் அறை பொருத்திய அவருடைய வண்டிக்கு தான் கிஹோத்தேயின் குதிரையின் பெயரான 'ரோசினாந்தே' என்று பெயரிட்டார். எல்லாவற்றையும் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டதைப் பயண நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். படிக்காமல் விட்ட புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 68 கிலோ. படிக்காமல் விட்டவை எப்போதும் படிக்கப்படாதவை என்று அவரே கேலி செய்துகொள்கிறார். என் வீட்டு அலமாரியை நினைத்துக்கொண்டேன்.

அதே நூலில் ஓர் அருமையான உத்தியும் வருகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை நெகிழ்கயிற்றால் அலமாரிக்குள் தொங்கவிட்டு, அதில் அழுக்குத் துணியும் சோப்பும் நீரும் போட்டுவிடுவார். நாள் முழுதும் சாலையின் குலுக்கலே துணியைத் துவைத்துவிடும். படித்தபோது உமணரின் தொங்கும் உரல் நினைவுக்கு வந்தது. ஓடும் வண்டியில் எதையும் தரையில் வைத்தால் அது உருளும். தொங்கவிட்டால் ஆடும், ஆனால் தன்னிடத்திலேயே இருக்கும். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இருவர் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். ரோசினாந்தே இன்று கலிஃபோர்னியாவின் சாலினாஸ் நகரில் உள்ள ஸ்டீன்பெக் மையத்தில் காட்சிக்கு இருக்கிறது.

இன்றைய வண்டிகள் வேறு திசையில் போய்விட்டன. 1981இல் வந்த ஃபியட் டுகாட்டோவின் பிற்கால வடிவங்கள் செங்குத்துச் சுவர்கள் கொண்டவை. உட்புற அகலம் ஏறத்தாழ 1.87 மீட்டர். மறுபடியும் மனிதன் குறுக்கே படுக்க முடிகிறது. பின்கோடியில் நிலையான குறுக்குக் கட்டில், அதன் கீழே மிதிவண்டி கூட நுழையும் பெரிய சரக்கறை. உயரமானவர்களுக்காகச் சுவரில் புடைப்பு வைத்து அகலத்தைக் கூட்டுபவர்களும் உண்டு. குறுக்குக் கட்டில், கீழே அலமாரி, வெளியே நீண்ட சுவர்: வார்டோ திரும்பி வந்துவிட்டது. அதன் விலை நீளம். 4.3 மீட்டரில் தொடங்கிய வண்டி ஆறு மீட்டராகியிருக்கிறது. மிச்சமானது மாலைநேர உழைப்பு. இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். நிரப்பினால் எடை வரம்பு மீறும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதை வண்டி மறப்பதில்லை. எடைமிக்கவற்றைத் தாழ்வாக, அச்சுகளுக்கு இடையில் வைக்க வேண்டும் என்பது இன்றும் மாறாத விதி. அச்சைப் பற்றிய கவலை ஔவையாரின் உமணருக்கும் இருந்ததல்லவா?

*

இதுவரை சொன்னது பெரும்பாலும் விரும்பிப் போனவர்களின் கதை. விடுமுறை முடிந்ததும் திரும்ப வீடு இருப்பவர்களுக்கு இட நெருக்கடி ஒரு விளையாட்டு. வீடே அதுவாக இருப்பவர்களுக்கு அப்படியல்ல. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அமெரிக்காவில் வேன்களில் குடியேறிப் பருவகாலக் கூலிவேலை தேடி அலைந்த முதியவர்களைப் பற்றி ஜெசிகா ப்ரூடர் 2017இல் 'நோமாட்லாண்ட்' என்னும் நூலை எழுதினார். அதன் திரைவடிவம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அந்த மனிதர்கள் தங்கள் கட்டிலையும் அலமாரியையும் பிறருக்குக் காட்டும்போது இருக்கும் பெருமிதத்தில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. ஒரு வாழ்நாளின் உடைமைகளில் எதை வைத்துக்கொள்வது என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள்.

சக்கர வீட்டின் கலையைக் கற்றுத்தந்த ரோமானி மக்களின் நிலை இன்னும் கசப்பானது. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் தங்க இடம் ஒதுக்கும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை நீக்கியது. 2022ஆம் ஆண்டுச் சட்டம், வாகனத்தோடு பிறர் நிலத்தில் தங்கி, தீங்கு அல்லது தொல்லை விளைவிப்பதாகக் கருதப்பட்டு, விலகச் சொல்லியும் விலகாதிருப்பதைக் குற்றமாக்கி, வாகனத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தையும் காவல்துறைக்குக் கொடுத்தது. கைப்பற்றப்படுவது வாகனம் மட்டுமன்று. கட்டிலும் அடுப்பும் குழந்தைகள் உறங்கும் அலமாரியும்தான். வண்டிக்குள் இடத்தைப் பெருக்க ஆயிரம் உத்திகள் உண்டு. வண்டியை நிறுத்த ஓரிடம் இல்லையென்றால் அவை எதற்கு உதவும்?

மாணவியின் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. உமணர்கள் எங்கே படுத்தார்கள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் இத்தனையும் படித்துவிட்டு அந்தப் பகுதிக்குத் திரும்பியபோது, முன்பு வேகமாகக் கடந்து சென்ற ஒன்றில் கண் நின்றது. உருத்திரங்கண்ணனார் உரலையும் கலத்தையும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. வேப்பந்தழைக் கண்ணி சூடிய வலிய ஆடவர் வண்டி வரிசையின் பக்கத்தே காவலாக நடந்து வருகிறார்கள். குழந்தையை உடைய பெண் ஒருத்தி வண்டியின் முன்னே எருதுகளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பொருள்கள் எங்கே இருந்தன என்பதோடு, கைகள் யாருடையவை என்பதையும் புலவர் பார்த்திருக்கிறார். விளம்பரப் படங்கள் பார்க்கத் தவறியது அது.

அடுத்த வகுப்பில் இதைத்தான் சொன்னேன். மாணவி சற்றே யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஐயா, அவள் படுத்திருக்கவே மாட்டாள்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாணவருக்கு அன்றிரவு பதில் எழுதியபோது, ஊருக்குத் திரும்பும் வரை போர்வைகளை நீங்கள் மடித்து வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.